வாரத்திற்கு 12 மணி நேரச் சிறுநீரகம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்றால் ஒரு வாரத்திற்கு எத்தனை மணி நேரம்? 168. இந்த 168 மணி நேரமும் உங்கள் முதுகெலும்பின் இருபக்கமும் உள்ள இரண்டு சிறுநீரகங்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. நீங்கள் தேர்வு எழுதும்போதும், திடலில் பந்து உதைக்கும்போதும், மதியப் பாடவேளையில் கடைசி வரிசையில் கண் அயரும்போதும் (ஆசிரியருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்) அவை இரத்தத்தை வடிகட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிநீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

சிறுநீரகங்கள் செயலிழந்த ஒருவருக்கு டயாலிசிஸ் இயந்திரம் கைகொடுக்கிறது. பெரும்பாலானோருக்கு வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். ஆக மொத்தம் 12 மணி நேரம். 168-இலிருந்து 12-ஐக் கழியுங்கள். மீதம் 156.

அந்த 156 மணி நேரம் சிறுநீரகத்தின் வேலையை யார் பார்ப்பது?

படிவம் 4 உயிரியல் நூலில் டயாலிசிஸ் இயந்திரத்தின் படம் இருக்கும். அம்புக்குறிகள் இருக்கும். தேர்வில் அதைப் பற்றிக் கேள்வியும் வரும். ஆனால், இந்தக் கேள்வி வராது. இதற்கு விடை: அந்த நோயாளியே பார்க்க வேண்டும். தன் நாக்கையும், தண்ணீர்க் குவளையையும், எடை பார்க்கும் கருவியையும் வைத்துக்கொண்டு அவர் பார்க்க வேண்டும். மலேசியாவில் இப்படி வாழ்பவர்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டிவிட்டது. இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய வீட்டிலேயே தாத்தாவோ அம்மாவோ அப்படி இருக்கலாம்.

நம் ஊரில் "அவர் இரத்தம் கழுவப் போயிருக்கிறார்" என்று சொல்வார்கள். மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்: சூச்சி டாரா. அறிவியல் ஆசிரியரான எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், அதே சமயம் கொஞ்சம் உறுத்தும். துணியைக் கழுவினால் அழுக்கு முழுவதும் போய்விடும். இங்கே அப்படி நடப்பதில்லை. வாரத்திற்கு 12 மணி நேரம் டயாலிசிஸ் செய்தாலும், நலமான சிறுநீரகங்கள் செய்யும் வடிகட்டும் வேலையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நடக்கிறது. மீதியை மருந்தாலும் கட்டுப்பாட்டாலும் ஈடுகட்ட வேண்டும்.

இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அதன் உயிர்நாடி ஒரு நெகிழிக் குழாய். உங்கள் முன்கை நீளம்தான் இருக்கும். அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்குழாய்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். நுண்குழாய்களுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓடும். வெளியே டயாலிசிஸ் திரவம் எதிர்த்திசையில் ஓடும். இடையில் இருப்பது துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகியவை செறிவு அதிகமான இரத்தத்திலிருந்து செறிவு குறைந்த திரவத்திற்குப் பரவுகின்றன. இரத்த அணுக்களும் அல்புமின் புரதமும் துளையை விடப் பெரியவை என்பதால் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கூடுதல் நீரை அழுத்த வேறுபாட்டால் இயந்திரம் வெளியே இழுக்கிறது.

வெறும் தண்ணீரையே வெளியே ஓடவிடக்கூடாதா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. விட்டால் உடலுக்குத் தேவையான சோடியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்து ஓடிவிடும். சவ்வூடு பரவலால் நீர் இரத்தத்திற்குள் புகுந்து சிவப்பணுக்கள் வெடிக்கும். அதனால்தான் எது வெளியேற வேண்டுமோ அது திரவத்தில் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். எது உள்ளே இருக்க வேண்டுமோ அது இரத்தத்தில் இருக்கும் அளவுக்கே இருக்கும். உடலுக்குள் சேர வேண்டிய பைகார்பனேட் மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கும். பரவல் பற்றிப் படித்த ஒரே பத்தியை வைத்துக்கொண்டு மனிதன் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறான் என்றால் பாருங்கள்.

இதை நடைமுறையில் செய்து காட்டியவர் வில்லெம் கோல்ப் என்ற டச்சு மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் கம்பென் நகரில் அவர் சாசேஜ் செய்யப் பயன்படும் செல்லோபேன் உறையை ஒரு மர உருளையில் சுற்றி, அதற்குள் இரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டார். தொடக்க கால நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல்தான் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார்.

ஆனாலும் அது சில நாள்களுக்கான சிகிச்சையாகவே இருந்தது. காரணம் எளியது. ஒவ்வொரு முறையும் ஓர் இரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். எத்தனை முறைதான் வெட்டுவது? 1960-இல் அமெரிக்காவின் சியாட்டலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் நோயாளியின் கையிலேயே நிரந்தரமாகத் தங்கும் டெப்லான் குழாயைப் பொருத்தினார். ஒட்டாத வாணலியில் பூசப்படும் அதே டெப்லான்தான். முதன்முதலில் அதைப் பெற்றவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். நீண்ட கால டயாலிசிஸ் என்ற வாழ்க்கைமுறை அங்கேதான் பிறந்தது.

இன்று பெரும்பாலானோருக்குக் குழாய் கிடையாது. கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை செய்து இணைத்துவிடுகிறார்கள். 1966-இல் நியூயார்க் மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய முறை இது. தமனியின் வேகத்தில் பாயும் இரத்தம் சில வாரங்களில் சிரையைத் தடிக்க வைத்துவிடும். பிறகு அதில் தடித்த ஊசிகளை ஏற்றலாம். ஒன்று இரத்தத்தை வெளியே எடுக்க, மற்றொன்று திருப்பிச் செலுத்த. முறைக்கு இரண்டு ஊசி, வாரத்திற்கு மூன்று முறை, ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 312 ஊசிகள். தடுப்பூசி போட வரிசையில் நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாம் இந்த எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் கை அவருக்கு உயிர்க்கை. அதில் கைக்கடிகாரம் கட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தம் உறைந்து அடைபட்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இனி அந்த 156 மணி நேரத்திற்கு வருவோம். அதில் மிகக் கடினமானது எது என்று நான் நன்கு அறிந்த ஓர் அண்ணனிடம் கேட்டேன். இருபது ஆண்டுகள் ஜொகூருக்கும் பினாங்குக்கும் இடையே லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோயால் சிறுநீரகங்கள் கெட்டு ஆறு ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்கிறார். ஊசி என்பார், உணவு என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"பசி பழகிப்போச்சு டீச்சர். தாகந்தான் பழகவே மாட்டேங்குது" என்றார்.

அவருடைய அளவு ஒரு நாளைக்கு 700 மில்லிலிட்டர். முந்திய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு 500 மில்லிலிட்டரைக் கூட்டுவது மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்லும் கணக்கு. அவருக்குச் சிறுநீர் 200 மில்லிலிட்டர்தான் வருகிறது. இந்த 700-இல் தண்ணீர் மட்டும் அடக்கமில்லை. தேத்தண்ணீர், ரசம், சூப்பு, கஞ்சி, ஐஸ் கட்டி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். காலையில் அவர் ஒரு போத்தலில் 700 மில்லிலிட்டர் நிரப்பி மேசையில் வைக்கிறார். வெளியே எங்காவது ஒரு சிறு குவளை தே ஓ குடித்தால், வீட்டுக்கு வந்து அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து பூச்செடிக்கு ஊற்றிவிடுவார். மாலையில் போத்தலில் என்ன மிச்சமோ அதுதான் இரவுக்கு. கணிதத்தில் கெட்டிக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால், இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் ஆய்வுக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். நாளை காலை முதல் இரவு வரை நீங்கள் குடிக்கும் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். அளக்க மட்டும்தான், குறைக்கக்கூடாது. நம் வெயிலில் வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் தேவை. பள்ளி உணவகத்தில் வாங்கும் ஒரு குளிர்ந்த மைலோவே 300 மில்லிலிட்டர் வரை வரும். எத்தனை மணிக்கு 700-ஐத் தாண்டினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குடித்த நீர் எங்கே போகும்? வெளியேற வழியில்லாததால் உடலிலேயே தங்கும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்னும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை 'உலர் எடை' என்பார்கள். அண்ணனின் உலர் எடை 62 கிலோ. வழக்கமாக 64 அல்லது 64.5 கிலோவோடு போவார். சென்ற தீபாவளிக்கு மறுநாள் போனபோது 66.3 கிலோ. அதாவது ஏறக்குறைய 4.3 லிட்டர் கூடுதல்.

எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அவசரமாக எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். இயந்திரம் இரத்தத்திலிருந்துதான் நீரை எடுக்கும். ஆனால், கூடுதல் நீரின் பெரும்பகுதி திசுக்களில் தேங்கியிருக்கிறது. திசுவிலிருந்து இரத்தத்திற்கு அது ஊறி வர நேரம் வேண்டும். அதற்குள் வேகமாக இழுத்தால் இரத்தத்தின் கொள்ளளவு குறைந்து, இரத்த அழுத்தம் சரியும். தலை சுற்றும், வாந்தி வரும், கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொள்ளும், இதயம் பாதிக்கப்படும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது பலரும் பின்பற்றும் வரம்பு. 62-ஐ 13-ஆல் பெருக்கி, நான்கு மணி நேரத்தால் பெருக்குங்கள். 3.2 லிட்டர்தான் வருகிறது. மீதி 1.1 லிட்டர்? அன்று அவர் கூடுதலாக ஒரு மணி நேரம் படுத்திருந்தார். அப்படியும் முழுவதும் எடுக்க முடியாமல், மறுநாள் மீண்டும் வரச் சொன்னார்கள். எடுக்காமல் விட்டால் நீர் நுரையீரலில் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும்.

இத்தனைக்கும் தீபாவளியன்று அவர் குடித்தது அதிகமில்லை என்று சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன். குற்றவாளி முறுக்கும் மிக்சரும் கோழிக் குழம்பும். அதாவது உப்பு.

இங்கேதான் வேதியியல் நுழைகிறது. மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் உப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். இரத்தத்தின் செறிவோடு பொருந்தும் அளவு அது. இதைத் தலைகீழாகப் பாருங்கள். சிறுநீர் பிரியாத ஒருவரின் உடலில் 9 கிராம் உப்பு சேர்ந்தால், அதைப் பழைய செறிவுக்குக் கொண்டுவர உடல் ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும். கேட்கும் என்றால் வாய்வழியாகக் கேட்கும். அதுதான் தாகம். மன உறுதி இருந்தால் தாகத்தை வெல்லலாம் என்று சொல்வது எளிது. மூளையின் அடியில் இருக்கும் தாக மையத்துக்கு மன உறுதி தெரியாது. அதற்கு இரத்தத்தின் செறிவு மட்டுமே தெரியும். ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டியவர் முதலில் குறைக்க வேண்டியது உப்பு. உடனடி மீ பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோடியத்தின் அளவு அச்சிட்டிருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். வீட்டில் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாகத்துக்கு அசாம் போய் வாயில் போட்டுக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய் ஊறும்தான். ஆனால் அது உப்பில் ஊறிய பழம். சற்று நேரத்தில் இரட்டைத் தாகம் எடுக்கும்.

தாகமாவது குரல் கொடுக்கிறது. பொட்டாசியம் குரல் கொடுப்பதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் அதற்கு அதிகம் அஞ்சுகிறார்கள்.

உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்க வேண்டும். இந்த உள்-வெளி வேறுபாட்டை நம்பித்தான் இதயத் தசை துடிக்கிறது. இரத்தத்தில் 6.5-ஐத் தாண்டினால் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். வலி இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் இதயம் நிற்கலாம். நாம் உண்ணும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடுவதால் நமக்கு இந்தக் கவலை இல்லை. டயாலிசிஸ் செய்பவருக்கு அடுத்த சிகிச்சை வரை அது சேர்ந்துகொண்டே போகும்.

பொட்டாசியம் எதில் இருக்கிறது? நல்லவை என்று நாம் சொல்லிக்கொடுக்கும் எல்லாவற்றிலும்! நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம். ஒரு குவளை இளநீரில் 600 மில்லிகிராம். கீரை, உருளைக்கிழங்கு, பருப்பு, டுரியான், தக்காளிச் சாறு எல்லாவற்றிலும் உண்டு. காய்ச்சல் வந்தவருக்கு இளநீர் வாங்கிப் போவது நம் வழக்கம். டயாலிசிஸ் செய்பவரை நலம் விசாரிக்கப் போகும்போது அன்போடு எடுத்துச் செல்லும் அந்த இளநீர் அவருக்கு ஆபத்தாகிவிடலாம். கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் பல, சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தவை. நம் இரத்த அழுத்தத்துக்கு நல்லதாக இருக்கலாம், அவருக்கு அல்ல.

அப்படியென்றால் காய்கறியே சாப்பிடக்கூடாதா? சாப்பிடலாம், சமைக்கும் முறை மாறும். அண்ணனின் மனைவி உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிடுகிறார். நம் பாட்டிகள் கேட்டால் அதிர்ந்துபோவார்கள். காய் வேகவைத்த தண்ணீரில்தான் சத்து இருக்கிறது, அதைக் கொட்டாதே என்றுதானே வளர்த்தார்கள்! அவர்கள் சொன்னது சரி. அந்தச் சத்தில் பொட்டாசியமும் ஒன்று. அது நீரில் கரையும். மெல்லியதாக வெட்டினால் மேற்பரப்பு கூடும், நிறைய நீர் ஊற்றினால் செறிவு வேறுபாடு கூடும், பரவல் விரைவாகும். இயந்திரத்தில் நடக்கும் அதே செயல்தான் அந்தச் சமையலறைச் சட்டியிலும் நடக்கிறது. இரத்தத்துக்குப் போகும் முன்பே கிழங்குக்கு டயாலிசிஸ் செய்துவிடுகிறார் அந்த அக்கா.

ஒரே ஒரு பழத்துக்கு மட்டும் எந்தச் சமரசமும் கிடையாது. நட்சத்திரப் பழம், நம் சந்தைகளில் பெலிம்பிங் என்று கிடைப்பது. மலேசியாவில் தாராளமாக விளைவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதில் காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சு இருப்பதை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது மூளை வரை போகும். முதல் அறிகுறி நிற்காத விக்கல். பிறகு மனக்குழப்பம், வலிப்பு, மரணம். ஒரு பழமோ ஒரு குவளைச் சாறோ போதும். தெரிந்தவர் யாராவது டயாலிசிஸ் செய்தால் இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குப் பழத் தட்டை நீட்டுபவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது பாஸ்பரஸ். இதன் கணக்கு விசித்திரமானது. ஒரு முறை டயாலிசிஸ் செய்தால் 800 முதல் 1,000 மில்லிகிராம் வரை வெளியேறும். வாரத்திற்கு அதிகபட்சம் 3,000. சாதாரணமாகச் சாப்பிடுபவரின் குடல் வாரத்திற்கு 4,000-க்கும் மேல் உறிஞ்சிவிடும். கணக்கு ஒருபோதும் நேராகாது. மிஞ்சும் பாஸ்பேட் தோலில் தாங்க முடியாத அரிப்பைத் தரும், எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைக்கும், இரத்தக்குழாய்ச் சுவர்களைச் சுண்ணாம்பாக்கும். எனவே சாப்பாட்டோடு சேர்த்து ஒரு மாத்திரை மெல்ல வேண்டும். பலருக்குத் தருவது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே சேர்மம். அது உணவில் உள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. கோலா பானங்களிலும் சாசேஜ், நகெட் போன்றவற்றிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட், பருப்பில் இருப்பதை விட எளிதாக உறிஞ்சப்படும்.

இதெல்லாம் உடலின் கணக்கு. நேரத்தின் கணக்கு வேறு. நான்கு மணி நேரச் சிகிச்சை என்கிறோம். போய் வரும் நேரம், எடை பார்த்தல், ஊசி ஏற்றுதல், முடிந்தபின் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தல் எல்லாம் சேர்ந்தால் ஆறு மணி நேரம் ஆகிவிடும். திரும்பி வந்தால் உடல் பிழிந்த துணிபோல் இருக்கும். அண்ணன் அன்று முழுவதும் படுத்துத்தான் இருப்பார். வேலைக்கு? வாரத்தில் மூன்று நாள் வராத லாரி ஓட்டுநரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அவருடைய முதலாளி நல்லவர், அலுவலகத்தில் கணக்குப் பதியும் வேலை கொடுத்தார். சம்பளம் பாதியானது. எல்லாருக்கும் அந்தப் பாதியும் கிடைப்பதில்லை. சொக்சோ, தேசிய சிறுநீரக அறநிறுவனம், பொதுநல அமைப்புகள் நடத்தும் மையங்கள் ஆகியவை இல்லாவிட்டால் நம் நாட்டில் எத்தனையோ பேருக்குச் சிகிச்சையே எட்டாது.

அவருடைய முறை திங்கள், புதன், வெள்ளி. வாரத்துக்கு ஏழு நாள் என்பதால், எப்படிப் பிரித்தாலும் ஓர் இடைவெளி நீளமாகிவிடும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு முழு நாள். அமெரிக்காவில் 32,000 நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாள்தான் மரணங்களும் இதயக் கோளாறுகளும் அதிகம் என்று காட்டியது. நமக்கு வார இறுதி என்றால் ஓய்வு. அவருக்கு வாரத்திலேயே கவனமாக இருக்க வேண்டிய நாள்கள் அவைதான். கல்யாணம், காதுகுத்து, திறந்த இல்ல உபசரிப்பு எல்லாம் அந்த நாள்களில்தானே வருகின்றன!

ஒருமுறை அவர் சொன்னார், மையத்தில் எல்லாருக்கும் ஏறக்குறைய அதே நாற்காலிதானாம். பக்கத்து நாற்காலிக்காரரோடு நான்கு மணி நேரம் பேசிப் பேசி உறவுபோல் ஆகிவிடுவார்கள். "ஒருநாள் வந்து பாத்தா நாற்காலி காலியா இருக்கும். யாரும் உடனே கேக்க மாட்டோம். ரெண்டு தடவ பாத்துட்டு, அப்புறந்தான் நர்சுகிட்ட கேப்போம்."

இவ்வளவும் ஒழுங்காகச் செய்பவருக்கும் தன் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. அது குழாய்த் தண்ணீர். டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வேகத்தில் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். இந்த நீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் அவருடைய இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால், நாம் குடிக்கும் நீரின் தூய்மை போதாது. குளோரின் சேர்மங்களைக் கரியால் அகற்றி, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டுகிறார்கள். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் நீர்த்தேக்கத்துப் பாசி நச்சு கலந்த நீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் ஒரு மையத்துக்குப் போனதால் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர்.

2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் மாசு கலந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் நின்றது பலருக்கு நினைவிருக்கும். நாம் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். தண்ணீர் லாரிகள் முதலில் எங்கே அனுப்பப்பட்டன தெரியுமா? மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும். வெள்ளமும் அப்படித்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஶ்ரீ மூடா நீரில் மூழ்கியதுபோல் ஒரு நிலை வந்தால், மாடியில் சிக்கிக்கொண்டவருக்கு உணவுப் பொட்டலம் கிடைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்குவார். டயாலிசிஸ் செய்பவரின் கடிகாரம் வேறு. உங்கள் பகுதியில் துயர்துடைப்பு மையம் திறந்து நீங்கள் தொண்டு செய்யப் போனால், "இங்கே டயாலிசிஸ் செய்பவர் யாராவது இருக்கிறார்களா?" என்று முதல் சுற்றிலேயே கேளுங்கள்.

இயந்திரம் வேண்டாத ஒரு வழியும் உண்டு. வயிற்றறையின் உள்சவ்வையே வடிகட்டியாக்கி, ஒரு மெல்லிய குழாய்வழி இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றி, புதியதை விடுவது. நாளுக்கு நான்கு முறை, வீட்டிலேயே செய்யலாம். இரவில் தூங்கும்போதே செய்துமுடிக்கும் கருவியும் இருப்பதால் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சவ்வூடு பரவலில் நீர் தானாக வெளியே வரும். கை சுத்தம் கொஞ்சம் தவறினால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று ஏற்பட்டு, வெளியேறும் திரவம் கலங்கலாக வரும். உங்கள் வகுப்பில் யாராவது இடைவேளையில் தனியறைக்குப் போய் வந்தால் காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம்.

நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவு. சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை வலிக்காது, காட்டிக்கொடுக்காது. சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பதும் கணுக்கால் வீங்குவதும் தாமதமாக வரும் அறிகுறிகள். அவற்றுக்கு முன்பே சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்று அரசாங்க கிளினிக்கில் பார்த்துவிடலாம். வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால், "இந்த வருஷம் சிறுநீர்ச் சோதனை செஞ்சாச்சா?" என்று கேளுங்கள். பெற்றோர் சொல்லிப் பிள்ளைகள் கேட்பதைவிட, பிள்ளைகள் சொல்லிப் பெற்றோர் கேட்பது நம் வீடுகளில் அதிகம் என்பது என் அனுபவம்.

டயாலிசிஸிலிருந்து விடுபட ஒரே வழி மாற்றுச் சிறுநீரகம். மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. தொழில்நுட்பம் நம்மிடம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. சிறுநீரகங்கள்தான் இல்லை. காத்திருப்போர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கொடையாளர்கள் மிகக் குறைவு. அண்ணனின் தங்கை தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தர முன்வந்து, இப்போது பரிசோதனைகளுக்குப் போய் வருகிறார். பொருந்துமா என்று இன்னும் தெரியவில்லை.

பொருந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் அதை ஏற்கெனவே மருத்துவரிடம் விசாரித்து வைத்திருக்கிறார். புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்களாம். போத்தலை வைத்து அளப்பது அப்போதும் உண்டாம், குறைந்துவிடக்கூடாது என்பதற்காக.